ஊர்ப் பிள்ளைகளும் யூலை முதலாம் திகதியும்

2025 யூலை முதலாம் திகதி, கனடா தினத்தன்று, எங்கள் ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் பனி ஹொக்கி அணி வீரர் சந்தையில் இறங்கி எடுத்த ஆட்களில் கொஞ்சமாவது பெயர் தெரிந்தவர் மைக்கல் பெஸெட்டா. மொன்றியல் அணியின் கடைசி வரிசையில் வந்து நாலு பேரை இடித்துவிட்டு வாங்கிலுக்குத் திரும்புகிறவர். இரண்டு வருட ஒப்பந்தம், வருடத்துக்கு 787,500 டொலர். ஒரே பருவத்தில் நூறு புள்ளிக்கு மேல் (அடித்த கோலும் கோலுக்குச் செய்த உதவியும் சேர்த்து) எடுத்த எங்கள் நட்சத்திரம் மிட்ச் மார்னர் லாஸ் வேகஸ் அணிக்குப் போன அதே கிழமையில் இது நடந்தது. சனம் கொதிக்காமல் என்ன செய்யும்? எங்கள் வட்ஸ்அப் குழுவில் அன்று மத்தியானம் வந்தவற்றில் பாதியை இங்கே எழுத முடியாது.

எனக்குக் கோபம் வரவில்லை. வந்தது, ஆனால் அது யூலை முதலாம் திகதியின் மேல் இல்லை. அதைச் சொல்லத்தான் 2025 கோடையில் எழுதும் இந்தப் பதிவு.

என் வேலை சம்பளப் பட்டியல் போடுவது. மார்ச், ஏப்ரலில் ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான எங்கள் ஸ்காபரோவில் பாதிச் சனத்துக்கு வரி நிரப்பிக் கொடுப்பதும் நான்தான் என்று வீட்டில் நக்கலடிப்பார்கள். ஒரு வீரர் கையெழுத்துப் போட்டுவிட்டார் என்று செய்தி வந்தால் மற்றவர்கள் அவர் கோல் அடிக்கிற வீடியோவைத் தேடுவார்கள். நான் எத்தனை வருடம், வருடத்துக்கு எவ்வளவு, அதில் கையெழுத்துப் பணம் (சம்பளத்துக்கு வேறாக, கையெழுத்திட்டதற்கென்று எழுதிக் கொடுப்பது) எவ்வளவு, வேறு அணிக்கு மாற்றினால் மாட்டேன் என்று சொல்லும் உரிமை எழுதியிருக்கிறதா என்று பார்ப்பேன். கோல் எங்கே ஓடிப்போகிறது, பிறகு பார்க்கலாம்.

ஹொக்கி பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாக. என்எச்எல் என்ற வட அமெரிக்க ஹொக்கி லீக்கில் ஒரு வீரருக்கு 27 வயதாகிவிட்டால், அல்லது ஏழு பருவங்கள் ஆடிவிட்டால், ஒப்பந்தம் முடிந்ததும் அவர் எந்த அணிக்கும் போகலாம். அந்தச் சந்தை வழக்கமாக யூலை 1 மத்தியானம் 12 மணிக்குத் திறக்கும். கனடாவில் அன்று விடுமுறை. அதனால் நாடு முழுக்க பின்வளவுகளில் அடுப்பு புகைந்துகொண்டிருக்கும், எல்லாருடைய கையிலும் போன். தொலைக்காட்சியில் விடியற்காலையிலேயே கோட் சூட் போட்ட ஆட்கள் மேசையைச் சுற்றி இருந்து பேசத் தொடங்கிவிடுவார்கள். இன்னொன்று, ஓர் அணி எல்லா வீரர்களுக்கும் சேர்த்து இவ்வளவுக்கு மேல் செலவழிக்கக்கூடாது என்று உச்சவரம்பு இருக்கிறது. சலரி காப். 2024-25 பருவத்தில் 88 மில்லியன் அமெரிக்க டொலர், 2025-26 பருவத்தில் 95.5 மில்லியன். முதலாளி எவ்வளவு பெரிய பணக்காரராக இருந்தாலும் அதற்கு மேல் போகேலாது. பணம் கொட்டிக் கிடக்கிற ரொறன்ரோவுக்கு இந்த ஒரு விதியால்தான் கையும் காலும் கட்டு.

லீஃப்ஸ் கடைசியாக லீக்கின் சாம்பியன் கிண்ணமான ஸ்ரான்லி கிண்ணத்தை வென்றது 1967இல். அதற்குப் பிறகு எத்தனையோ யூலை மாதங்கள் வந்துபோய்விட்டன. நான் நினைவு வைத்துப் பார்க்கத் தொடங்கிய காலத்திலிருந்து இந்த அணிக்கு ஒரு பழக்கம் உண்டு. ஊர்ப் பிள்ளை ஒருவர் சந்தைக்கு வந்துவிட்டால் நிர்வாகத்துக்கு நிதானம் போய்விடும்.

டேவிட் கிளார்க்சனை எடுத்துக்கொள்ளுங்கள். ரொறன்ரோப் பிள்ளை. 2013 யூலையில் ஏழு வருடத்துக்கு 36.75 மில்லியன் கொடுத்து எடுத்தார்கள், வருடத்துக்கு 5.25. பருவம் தொடங்குவதற்கு முன்னரே, பயிற்சி ஆட்டம் ஒன்றில் சண்டை மூண்டபோது வாங்கிலிலிருந்து பாய்ந்து உள்ளே இறங்கினார். அதற்கு பத்து ஆட்டத் தடை. லீஃப்ஸுக்காகப் பருவ ஆட்டம் ஒன்றுகூட ஆடாமலேயே தடை வாங்கிவிட்டார். தடை முடிந்து வந்து 60 ஆட்டங்களில் 5 கோல். பாவம், மனிதர் முயலாமல் இல்லை. ஆனால் 5.25 மில்லியன்.

சரி, பிடிக்காத ஒப்பந்தம் என்றால் ஒரு பகுதியைக் கொடுத்து முறித்துவிடலாமே என்று கேட்பீர்கள். அங்கேதான் என் தொழில் உதவுகிறது. முறிக்கும்போது மிச்சம் பிடிக்கக்கூடியது சம்பளத்தில் மட்டும்தான், கையெழுத்துப் பணத்தில் கை வைக்க முடியாது. கிளார்க்சனின் ஒப்பந்தத்தில் பெரும்பகுதி கையெழுத்துப் பணம். எழுதிய முகவருக்கு நான் மனதுக்குள் கைதட்டியிருக்கிறேன், அவ்வளவு கெட்டியான பூட்டு.

பிறகு 2015 பெப்ரவரியில் ஒரு வேடிக்கை நடந்தது. கொலம்பஸ் அணியில் நேதன் ஹோர்டன் என்று ஒருவர், அவருக்கும் வருடத்துக்கு 5.3 மில்லியன். முதுகு போய்விட்டது, இனி ஆடவே முடியாத நிலை. அந்த ஒப்பந்தத்துக்குக் காப்புறுதியும் இல்லை. அதாவது ஆடாத ஆளுக்குக் கொலம்பஸ் தன் சொந்தக் காசைக் கொட்டவேண்டும். அவர்கள் சின்ன அணி, ரொறன்ரோ பெரிய அணி. ஆடமாட்டாத ஹோர்டனை நீ எடு, ஆடினாலும் பலனில்லாத கிளார்க்சனை நான் எடுக்கிறேன் என்று மாற்றிக்கொண்டார்கள். காயப்பட்ட வீரரின் தொகையை நீண்டகாலக் காயப் பட்டியலில் போட்டால் அந்த அளவுக்கு உச்சவரம்பைத் தாண்டிச் செலவழிக்கலாம். லீஃப்ஸுக்கு வேண்டியது அதுதான். ஹோர்டன் ரொறன்ரோவுக்காக ஒரு நாளும் பனியில் இறங்கவில்லை.

கதை அத்தோடு முடியவில்லை. கிளார்க்சனும் காயப்பட்டு ஆட்டத்தை விட்டார், அவருடைய ஒப்பந்தம் கொலம்பஸிலிருந்து வேகஸுக்குப் போனது. 2019 யூலையில் லீஃப்ஸ் அதே ஒப்பந்தத்தைத் திரும்ப வாங்கினார்கள்! ஆளை இல்லை, கடதாசியை. அந்தப் பருவத்தில் கிளார்க்சன், ஹோர்டன் இருவருமே லீஃப்ஸின் கணக்குப் புத்தகத்தில் இருந்தார்கள். ஒருவருக்காக ஒருவர் மாற்றப்பட்ட இருவர், இருவரும் ஆடுவதில்லை, இருவருடைய பெயரும் ஒரே பட்டியலில். 5.25உம் 5.3உம் கூட்டினால் 10.55 மில்லியன். அந்த செப்டெம்பரில் மார்னர் கையெழுத்திட்டது வருடத்துக்கு 10.9 மில்லியனுக்கு. அந்த இரண்டு செத்த ஒப்பந்தங்கள் திறந்துவிட்ட இடத்தில்தான் மார்னருக்கு இடம் கிடைத்தது. நான் ஆண்டு முடிவுக் கணக்கில் எத்தனையோ தில்லுமுல்லு பார்த்திருக்கிறேன், இதைப்போல அழகான ஒன்றை, அதுவும் முழுக்கச் சட்டப்படி, கண்டதில்லை.

அடுத்த ஊர்ப் பிள்ளை ஜோன் டவாரஸ். மிசிசாகாவில் பிறந்து ஓக்வில்லில் வளர்ந்தவர். 2018 யூலை 1, ஏழு வருடம், 77 மில்லியன். அன்று மார்க்கம் வீதியில் ஒரு கடையில் ரோல்ஸ் வாங்க வரிசையில் நின்றேன். முன்னால் நின்ற பொடியன் போனைப் பார்த்துவிட்டுப் போட்ட சத்தத்தில், காசு வாங்கிக்கொண்டிருந்த அம்மா கையிலிருந்த சில்லறையைக் கீழே போட்டுவிட்டார். டவாரஸ் தன் கீச்சில் ஒரு படம் போட்டிருந்தார். சின்ன வயதில் லீஃப்ஸ் சின்னம் அச்சடித்த படுக்கை விரிப்பில் நித்திரை கொள்ளும் படம். அதைப் பார்த்து உருகாதவர்கள் நகரத்தில் இல்லை. முதல் பருவத்தில் 47 கோல் அடித்தார். 2023 ஏப்ரலில் ரம்பா அணிக்கு எதிராக மேலதிக நேரத்தில் அவர் அடித்த கோலால்தான் 2004க்குப் பிறகு முதன்முறையாக லீஃப்ஸ் பிளேஓஃபில் (கிண்ணத்துக்கான பருவ இறுதித் தொடர்களில்) ஒரு சுற்றைத் தாண்டினார்கள்.

ஆனாலும் அந்த 11 மில்லியன் ஏழு வருடம் அணியின் கழுத்தில் தொங்கியது. டவாரஸ் மோசமாக ஆடியதால் இல்லை. அவர் வந்த கையோடு அணியின் இளம் நட்சத்திரங்கள் நைலாண்டர், மத்யூஸ், மார்னர் மூவருக்கும் ஒப்பந்தம் போட வேண்டியிருந்தது. பக்கத்து மேசைக்காரருக்கு 11 கிடைக்கிறது என்று தெரிந்த பிறகு சம்பள உயர்வு கேட்கப் போகிறவர் 7க்கு ஒத்துக்கொள்வாரா? எந்த அலுவலகத்திலும் நடக்காது. அத்தோடு பெருந்தொற்று வந்து உச்சவரம்பு 81.5 மில்லியனில் உறைந்து நின்றது. அந்த நெருக்கடியில்தான் சக் ஹைமன் 2021இல் எட்மன்டனுக்குப் போனார். அவரும் ரொறன்ரோப் பிள்ளைதான். அங்கே ஒரு பருவத்தில் 54 கோல் அடித்தார். நான் அந்தப் பருவம் எட்மன்டன் ஆட்டங்களைப் பார்ப்பதையே குறைத்துக்கொண்டேன்.

டவாரஸின் ஒப்பந்தத்தில் இன்னொரு விசயம், வரிக்காரர்களுக்கு மட்டும் சுவையானது, விரும்பாதவர்கள் இந்தப் பந்தியைத் தாண்டிப் போகலாம். முதல் வருடம் அவருக்குக் கிடைத்ததில் 15.25 மில்லியன் கையெழுத்துப் பணம். கையெழுத்திட்டபோது அவர் நியூயோர்க்கில் இருந்தார், அமெரிக்காவாசி. கனடா அமெரிக்க வரி உடன்படிக்கைப்படி இப்படியான பணத்துக்குக் கனடா 15 வீதம்தான் எடுக்கலாம் என்பது அவர் பக்கம். அது வேறு பெயரில் வந்த சம்பளம், முழு வரி கட்டு என்பது கனடா வருமானவரித் திணைக்களத்தின் பக்கம். வட்டியோடு சுமார் 8 மில்லியன் கனடிய டொலர் கேட்டார்கள், அவர் வரி நீதிமன்றத்துக்குப் போனார். ஒன்ராறியோவில் உச்ச வரி வீதம் 53.53. நெவாடாவிலும் புளோரிடாவிலும் மாநில வருமான வரி என்று ஒன்று இல்லை. ரொறன்ரோவுக்கு ஏன் ஆட்கள் குறைந்த சம்பளத்துக்கு வருவதில்லை என்று யாராவது கேட்டால் நான் முதலில் இந்த இலக்கங்களைத்தான் காட்டுவேன். அதற்காக எல்லாவற்றையும் வரியில் போடவும் ஏலாது. ஓய்வுகாலத்துக்கென்று ஒரு ஏற்பாட்டில் போட்டுவைத்து வரியைத் தள்ளிப்போடக் கனடாவில் வழி உண்டு, வீரர்களும் அதைப் பயன்படுத்துகிறார்கள்.

பட்ரிக் மார்லோ பற்றி ஒரு வரி போதும். 37 வயதில் மூன்று வருடம் கொடுத்தார்கள், கடைசி வருடத்தைக் கழற்றிவிட முதல் சுற்றுத் தேர்வு ஒன்றை (புதிய இளம் வீரர்களை அணிகள் வரிசையாகத் தெரிவு செய்யும்போது முதல் சுற்றில் ஒருவரை எடுக்கும் உரிமை) கரோலைனாவுக்குக் கொடுத்தார்கள், அந்தத் தேர்வில் வந்தவர்தான் செத் ஜார்விஸ்.

இப்போது மறுபக்கம். 2020இல் வேய்ன் சிமண்ட்ஸ் வந்தார், ஒரு வருடம், 1.5 மில்லியன். ஸ்காபரோவில் பிறந்தவர், அதை எங்கே போனாலும் சொல்லிக்கொள்கிறவர். 2021இல் மைக்கல் பன்டிங், இவரும் ஸ்காபரோதான். இரண்டு வருடம், வருடத்துக்கு 950,000. அன்று அந்தச் செய்தியை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. முதல் பருவத்தில் 23 கோல், 63 புள்ளி, புதுமுக வீரருக்கான கோல்டர் விருதின் கடைசி மூவரில் ஒருவர். மத்யூஸுக்கும் மார்னருக்கும் பக்கத்தில் நின்று, வலைக்கு முன்னால் அடி வாங்கி, எதிராளியின் பொறுமையைச் சோதித்து, நடுவரைப் பார்த்துச் சிரித்து, ஒரு மில்லியனுக்கும் குறைந்த சம்பளத்துக்கு அந்த வேலையைச் செய்தார். ஒப்பந்தம் முடிந்ததும் கரோலைனா 4.5 மில்லியன் கொடுத்துக் கொண்டுபோனது. போகட்டும். நல்ல விலை கிடைத்தால் போகத்தானே வேண்டும். எங்கள் தெருப் பிள்ளைகள் குறைந்த விலைக்கு வந்து உழைத்துக் கொடுத்தார்கள், பெரிய வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் 77 மில்லியன் என்று நான் சொன்னால் அக்கா, நீ ஸ்காபரோ என்றாலே அளக்கத் தொடங்கிவிடுவாய் என்பார். அளக்கிறேன்தான். ஆனால் இலக்கம் பொய் சொல்லவில்லை.

2024 யூலையும் அப்படித்தான். கிறிஸ் டானெவ், ஈஸ்ட் யோர்க் பிள்ளை, ஆறு வருடம் 4.5 மில்லியன் வீதம். வருடங்கள் கூடத்தான், 34 வயதுக்காரருக்கு ஆறு வருடம் என்பது என் கணக்கில் கூடவே கூடாது. ஆனால் பக் (பந்துக்குப் பதிலான ஹொக்கித் தட்டு) வரும் வழியில் உடம்பைக் குறுக்கே போட இப்படி ஒரு ஆள் லீஃப்ஸுக்கு வெகுகாலமாக இருக்கவில்லை. கோல் காப்பாளர் அந்தனி ஸ்டோலார்ஸ் இரண்டு வருடம் 2.5 மில்லியன் வீதம், பருவம் முடிவில் அவர் தடுத்த அடிகளின் வீதம் .926, அதாவது நூற்றுக்கு 92.6. ஸ்டீவன் லொரென்ஸ் ஒப்பந்தமே இல்லாமல் பயிற்சி முகாமுக்கு வந்து இடம் பிடித்தார். யாரும் படுக்கை விரிப்புப் படம் போடவில்லை, யாரும் சில்லறையைக் கொட்டவில்லை.

சரி, மார்னர்.

மார்க்கத்தில் பிறந்தவர். 2015இல் நாலாவது தேர்வாக எடுத்து, ஒன்பது பருவம் பார்த்தோம். 2024-25 பருவத்தில் 102 புள்ளி. பிறகு மே 18, பிளேஓஃபில் புளோரிடாவோடு ஏழாவது, கடைசி ஆட்டம், சொந்த அரங்கில், 6-1 தோல்வி. ஐந்தாவது ஆட்டமும் இங்கேதான், அதுவும் 6-1. சனம் மேலங்கியைக் கழற்றிப் பனியில் எறிந்தது. மார்னர் இனி இங்கே இருக்கமாட்டார் என்று அன்றே தெரிந்துவிட்டது. யூன் 30 இரவு செய்தி வந்தது: வேகஸ், எட்டு வருடம், வருடத்துக்கு 12 மில்லியன், மொத்தம் 96. அப்போதைய விதிப்படி ஒரு வீரருக்கு எட்டு வருடம் எழுத அவருடைய சொந்த அணிக்குத்தான் அனுமதி, வெளி அணி ஏழு வருடம்தான் கொடுக்கலாம். அதனால் லீஃப்ஸே எட்டு வருட ஒப்பந்தத்தை எழுதி, அதோடு ஆளையும் வேகஸுக்கு மாற்றிவிட்டு, பதிலுக்கு நிக்கொலா ருவா என்ற நடுக்களக்காரரை வாங்கினார்கள். அந்த எட்டாவது வருடத்தின் விலை ஒரு ருவா. ஒன்றும் இல்லாமல் போயிருக்க வேண்டிய இடத்தில் ஒன்றாவது வந்தது.

மறுநாள் அக்கா வீட்டுப் பின்வளவில் நின்றோம். அத்தான் ஒரு கையில் இடுக்கி, மறு கையில் போன். கறித்தூள் பிரட்டி இரவு முழுக்க ஊறவைத்த கோழிக்கால்கள் ஒரு பக்கம் கருகிக்கொண்டிருந்தன, அவர் திருப்பவில்லை.

"ஒன்பது வருசம் வளத்த பிள்ளை. கடைசியில ஒரு ருவாவுக்குக் குடுத்திட்டாங்கள்."

"அத்தான், கோழி."

"கோழி கிடக்கட்டும். போன வருசம் வித்திருந்தால் எவ்வளவு வந்திருக்கும் எண்டு நீ கணக்குப் பாத்தனியோ?"

பெறாமகன் 16ஆம் இலக்க மேலங்கியோடு வாசல்படியில் இருந்தான். மார்னர் வேகஸில் 93 போடப்போகிறார் என்று எங்கேயோ பார்த்திருக்கிறான். "சித்தி, இதில நைஸின்ர பேரைத் தைக்கேலுமோ?" என்று கேட்டான். நைஸ் எங்கள் அணியின் இளம் வீரர், அவருடைய இலக்கம் 23. 16ஐப் பிரித்து 23 தைக்க வேண்டும். பிரித்தால் துணியில் பழைய எழுத்தின் தடம் தெரியும், புதிதாகவே வாங்கலாம் என்றேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சு அங்கேயே நின்றது. அந்த மேலங்கி போன வருடப் பிறந்தநாளுக்கு அவர் வாங்கிக் கொடுத்தது.

அத்தான் கேட்டதுதான் சரியான கேள்வி. என் கோபமும் அங்கேதான் இருக்கிறது. மார்னரின் பழைய ஒப்பந்தத்தில், எந்த அணிக்கும் மாற்றுவதை மறுக்கும் முழு உரிமை 2023 யூலை 1இலிருந்து தொடங்கும் என்று எழுதியிருந்தது. எழுதியது 2019இல். எல்லாருக்கும் நாலு வருடமாகத் தெரியும். அந்தத் திகதிக்கு முன்னர் நிர்வாகம் முடிவெடுத்திருக்க வேண்டும்: நீண்ட ஒப்பந்தம் போடுவதா, மாற்றுவதா. அதற்குப் பதிலாக அந்த மே மாதம் பொது மேலாளரையே மாற்றினார்கள். புதிதாக வந்த பிராட் ட்ரெலிவிங்குக்கு இருந்தது ஒரே ஒரு மாதம். அந்த மாதம் போனதும் சாவி மார்னரின் கைக்குப் போய்விட்டது. 2025 மார்ச்சில் கரோலைனாவின் மிக்கோ ரன்டனனுக்குப் பதிலாக அங்கே போகச் சொல்லி மார்னரைக் கேட்டதாகவும் அவர் மறுத்ததாகவும் செய்தி வந்தது. மறுப்பது அவருடைய உரிமை, ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்த உரிமை. வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்துவிட்டு, குடியிருப்பவர் போகவில்லை என்று வீட்டுக்காரர் அழுவதுபோல் இருக்கிறது இந்த நிர்வாகத்தின் புலம்பல். யூலை 1, 2025இல் நடந்தது வெறும் ரசீது. செலவு நடந்தது இரண்டு வருடத்துக்கு முன்னர்.

அதனால்தான் இந்தக் கோடையில் அவர்கள் பாய்ந்து எதையும் வாங்காமல் இருந்ததை நான் வரவேற்கிறேன். சந்தையைப் பாருங்கள். உச்சவரம்பு ஒரே வருடத்தில் 7.5 மில்லியன் கூடியதால் எல்லா அணிகளிடமும் காசு இருந்தது, நல்ல வீரர்களைத் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள். சாம் பெனட், ஆரன் எக்பிளாட், பிராட் மார்ஷான்ட் மூவருமே புளோரிடாவில் தங்கிவிட்டார்கள். மார்ஷான்ட் ரொறன்ரோவுக்கு வரப்போகிறார் என்று ஒரு கிழமை முழுக்கப் பேச்சு. 37 வயதில் புளோரிடா ஆறு வருடம் கொடுத்தது, வருடத்துக்கு 5.25. அது கிளார்க்சனின் தொகை என்று கண்டதும் எனக்கு மேல் சிலிர்த்தது. நிக்கொலாய் ஏலர்ஸ் ஒருவர்தான் மார்னரின் இடத்தில் வைத்துப் பார்க்கக்கூடியவர், அவர் கரோலைனாவுக்கு 8.5 மில்லியனுக்குப் போனார். மீதியாக இருந்த இரண்டாம் தர ஆட்களுக்கு முதல் தர விலை. மிக்கேல் கிரான்லண்டுக்கு அனஹைம் 7 மில்லியன் கொடுத்தது. நான் கிரான்லண்டைப் பிடிக்காதவள் இல்லை, ஆனால் ஏழு!

இந்தக் கோடையின் நல்ல கையெழுத்து யூன் 27ஆம் திகதியே நடந்துவிட்டது. டவாரஸ், நாலு வருடம், வருடத்துக்கு 4.38 மில்லியன். 2024-25 பருவத்தில் 38 கோல் அடித்தவர், தலைவர் பட்டத்தை மத்யூஸிடம் சத்தமில்லாமல் விட்டுக்கொடுத்தவர். சந்தைக்குப் போயிருந்தால் இதைவிட நிச்சயம் கூடக் கிடைத்திருக்கும். ஏழு வருடத்துக்கு முன்னர் ஊர்ப் பாசத்துக்கு அணி கொடுத்த விலையை இந்த முறை அவர் தள்ளுபடி செய்திருக்கிறார். மத்யூ நைஸுக்கு ஆறு வருடம் 7.75 வீதம், அதுவும் நியாயம், இரண்டு வருடத்தில் மலிவாகத் தெரியும். 2024-25இல் மத்யூஸ், நைலாண்டர், மார்னர், டவாரஸ் நால்வரும் உச்சவரம்பில் பாதிக்கு மேல் தின்றார்கள். 2025-26இல் மத்யூஸ், நைலாண்டர், நைஸ், டவாரஸ் நால்வருக்கும் சேர்த்து 40 வீதத்துக்கும் குறைவு. சம்பளப் பட்டியல் போடுகிறவளுக்கு இதைவிட நிம்மதியான செய்தி இல்லை.

வந்தவர்கள் மார்னரின் இடத்தை நிரப்புவார்களா என்றால், மாட்டார்கள். யூட்டாவிலிருந்து மத்தியாஸ் மச்செல்லியை ஒரு மூன்றாம் சுற்றுத் தேர்வுக்கு வாங்கினார்கள். 2023-24 பருவத்தில் 57 புள்ளி, 2024-25இல் 18. கெட்டிக்காரக் கைகள், மெல்லிய உடம்பு. ஏப்ரல் மாதம் தொடங்கும் பிளேஓஃப் ஆட்டத்துக்குத் தாங்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான், விலையைப் பார்க்கும்போது பரவாயில்லை. ருவா மூன்றாம் வரிசை நடுவில் நிற்க ஏற்றவர், 2023இல் வேகஸோடு கிண்ணம் வென்றவர். யூலை நடுப்பகுதியில் வன்கூவரிலிருந்து டகோட்டா ஜோசுவா வந்தார். 2024 கோடையில் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்து, நவம்பரிலேயே திரும்பி வந்து ஆடியவர். 3.25 மில்லியன் வீதம் இன்னும் மூன்று வருடம் இருக்கிறது, அது எனக்குக் கொஞ்சம் கூடத் தெரிகிறது. பயிற்சியாளர் கிறெய்க் பெரூபேக்கு இப்படி இடித்து விளையாடும் பெரிய உடம்புகள் என்றால் உயிர். பார்ப்போம்.

இன்னும் ஒரு பெரிய ஆளை மாற்றி வாங்கு என்று குழுவில் தினமும் யாராவது கேட்கிறார்கள். எதைக் கொடுத்து? 2025 முதல் சுற்றுத் தேர்வு ஜேக் மக்கேபுக்காகச் சிகாகோவுக்குப் போய்விட்டது. 2026 பிராண்டன் கார்லோவுக்காக பொஸ்டனுக்கு, 2027 ஸ்கொட் லோட்டனுக்காக பிலடெல்பியாவுக்கு. நிபந்தனைகள் இருக்கின்றன, ஆனால் பெட்டி வெறுமைதான். 2026-27 பருவத்துக்கு உச்சவரம்பு 104 மில்லியன் என்று என்எச்எல் ஏற்கனவே அறிவித்துவிட்டது. கையில் இருக்கிற சின்ன இடத்தை ஒக்ரோபர் வரைக்கும் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். மத்யூஸின் வலப்பக்கத்தில் யார் நிற்பது என்று பயிற்சி முகாமில் சண்டை பிடிக்கட்டும், முதலில் மச்செல்லியை அங்கே விட்டுப் பாருங்கள். அத்தான் அணியிலிருக்கும் மக்ஸ் டோமியை விடச் சொல்கிறார். அவர் கோழி திருப்பிய லட்சணத்தைப் பார்த்த பிறகு அவருடைய தேர்வை நான் நம்புவதாக இல்லை.